நியூ வேவ் பாடல்கள் ஏன் இன்னும் ஓயவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்பதுகளின் நியூ வேவ் பாப் பாடல்கள் எனக்கு அண்ணன் வைத்திருந்த ஒரு கேசட்டில் இருந்து வந்து சேர்ந்தவை. யாரோ பதிவு செய்து கொடுத்த கேசட் அது. மேலே 'இங்கிலீஷ் மிக்ஸ்' என்று நீல மையில் எழுதியிருக்கும். பாடகர் பெயர், குழுவின் பெயர் எதுவும் கிடையாது. அதில் இருந்த பன்னிரண்டு பாட்டும் யாருடையவை என்று கண்டுபிடித்து முடிக்கவே எனக்குப் பல வருடம் ஆயிற்று. இன்றும் அவற்றைக் கேட்கிறேன். நண்பர்களும், இப்போது அவர்களுடைய பிள்ளைகளும், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

நியூ வேவ் என்று எதைச் சொல்கிறார்கள்?

1976, 77 வாக்கில் நியூயார்க்கிலும் லண்டனிலும் பங்க் ராக் வெடித்தது. கிடாரில் மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) தெரிந்தால் போதும், மேடை ஏறலாம் என்று சொன்ன இசை அது. ஆனால் பங்க் என்ற பெயரைக் கேட்டாலே அமெரிக்க வானொலி நிலையங்கள் ஒதுங்கின. அதே மேடைகளில் இருந்து வந்த, ஆனால் கொஞ்சம் மெட்டும் கொஞ்சம் யோசனையும் கலந்த குழுக்களை எப்படி விற்பது? சையர் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் சீமோர் ஸ்டைன் 'நியூ வேவ்' என்ற பெயரைப் பிடித்துக்கொண்டார். பிரெஞ்சு சினிமாவின் புதிய அலையில் இருந்து வந்த பெயர் அது.

நியூயார்க்கில் பவரி தெருவில் இருந்த சிபிஜிபி என்ற சின்ன கிளப்பில் டாக்கிங் ஹெட்ஸ், ப்ளாண்டி போன்றவர்கள் வாசித்துப் பழகினார்கள். ஒஹையோவின் ஏக்ரன் நகரில் இருந்து டீவோ, ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸில் இருந்து பி-52ஸ், பாஸ்டனில் இருந்து கார்ஸ் என்று பெரிய நகரம், சின்ன ஊர் எல்லாவற்றில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸின் கோ-கோஸ் ஐந்து பெண்கள் கொண்ட குழு. தாங்களே பாட்டு எழுதி, தாங்களே கருவிகளை வாசித்து, 1982ல் அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தார்கள். அதுவரை எந்தப் பெண்கள் குழுவும் அப்படிச் செய்ததில்லை.

இங்கிலாந்தில் கதை வேறு பக்கம் திரும்பியது. அங்கே கிடாரைக் கீழே வைத்துவிட்டு, மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் கருவியான சிந்தசைசரைக் கையில் எடுத்தார்கள். நான் இங்கே அதிகம் பேசப்போவது அந்தப் பக்கத்தைப் பற்றித்தான்.

சிந்த்-பாப், போஸ்ட்-பங்க், நியூ ரொமான்டிக் என்றெல்லாம் சொல்கிறார்களே, அவை வேறா?

எல்லைகள் அவ்வளவு கறாராக இல்லை. சிந்தசைசரை மையமாக வைத்த பாப் பாட்டு சிந்த்-பாப். பங்க்குக்குப் பிறகு இருண்ட, சோதனை முயற்சியான பக்கம் போனவர்கள் போஸ்ட்-பங்க். சுருக்கு வைத்த சட்டையும் முகப்பூச்சுமாக வந்த லண்டன், பர்மிங்ஹாம் கிளப் கூட்டம் நியூ ரொமான்டிக். ஒரே குழு மூன்று வருடத்தில் மூன்றிலும் இருந்திருக்கும். ரசிக்க இந்தப் பிரிவினை தேவையில்லை.

இந்த ஒலி ஏன் சரியாக அந்தச் சில வருடங்களில் பிறந்தது?

கருவி கைக்கு எட்டியதால். அறுபதுகளில் சிந்தசைசர் என்பது பல்கலைக்கழகத்தில் சுவரை அடைத்து நிற்கும் இயந்திரம். 1970ல் வந்த மினிமூக் அதை ஒரு மேசை அளவுக்குக் குறைத்தது. எழுபதுகளின் இறுதியில் ஜப்பானியக் கம்பெனிகள் மலிவான கருவிகளை இறக்கின. வேலைக்குப் போகும் ஒரு இளைஞன் தவணையில் வாங்கலாம் என்ற நிலை வந்தது.

கேரி நியூமன் கதை இதற்கு நல்ல உதாரணம். பங்க் ஆல்பம் ஒன்றைப் பதிவு செய்ய ஸ்டூடியோவுக்குப் போன இடத்தில், யாரோ வாடகைக்கு எடுத்து வைத்திருந்த மினிமூக் ஒரு மூலையில் கிடந்தது. சும்மா ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தார். அறையே அதிர்ந்தது. அதோடு கிடார் பின்னால் போயிற்று. 1979ல் 'ஆர் ஃப்ரெண்ட்ஸ் எலக்ட்ரிக்?' பாட்டு இங்கிலாந்தில் முதலிடத்தில் நின்றது. ஜெர்மனியின் க்ராஃப்ட்வெர்க் இந்த வழியை முன்பே போட்டு வைத்திருந்தார்கள். ஆனால் அவர்களுடைய 'த மாடல்' பாட்டு 1978ல் வெளியாகி, 1982ல்தான் இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வந்தது. இடைப்பட்ட நான்கு வருடத்தில் கேட்பவர்களின் காது மாறியிருந்தது.

அப்புறம் தாளம். 1980ல் ரோஜர் லின் செய்த எல்எம்-1 என்ற டிரம் மெஷின், உண்மையான டிரம் சத்தத்தைப் பதிவு செய்து சிப்பில் வைத்திருந்தது. விலை கிட்டத்தட்ட 5,000 டாலர். மொத்தமே சுமார் 500 கருவிகள்தான் செய்தார்கள். ஆனால் அந்த ஐந்நூறு போய்ச் சேர்ந்த இடங்கள் முக்கியமானவை. ஷெஃபீல்டின் ஹியூமன் லீக் குழு 1981ல் வெளியிட்ட 'டேர்' ஆல்பத்தில் தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷன்ட் பயன்படுத்தியது அதைத்தான். 1983ல் யமஹா டிஎக்ஸ்7 வந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்த முறையில் மணிச் சத்தத்தையும் கண்ணாடிச் சத்தத்தையும் உண்டாக்கிய கருவி. அதே வருடம் மிடி என்ற பொதுமொழி வந்து, வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகளை ஒரு கேபிளில் பேசவைத்தது.

ஊரின் நிலைமையும் இதில் சேரும். இங்கிலாந்தில் 1982 ஜனவரியில் வேலையில்லாதவர்கள் எண்ணிக்கை முப்பது லட்சத்தைத் தாண்டியது. ஷெஃபீல்டில் எஃகு ஆலைகள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருந்தன. சம்மட்டி இயந்திரங்களின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இயந்திரத்தாலேயே பாட்டு செய்ய வந்தது எனக்கு மிகவும் இயல்பாகத் தோன்றுகிறது.

அந்தக் கருவிகள் இன்றைய கைபேசிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பிறகு எப்படிப் பாட்டு நிற்கிறது?

நான் அதிகம் யோசித்த கேள்வி இது. என் பதில்: அந்தக் கருவிகளால் அதிகம் முடியாது என்பதால்தான் நிற்கிறது.

மினிமூக்கில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். இரண்டு கட்டையை அழுத்தினாலும் ஒன்றுதான் ஒலிக்கும். 1978ல் வந்த ப்ராஃபெட்-5 என்ற சிந்தசைசரில் ஐந்து ஸ்வரம். எட்டு டிராக் டேப்பில் பதிவு செய்தால் எட்டு இடம்தான் இருக்கிறது. அப்படியென்றால் என்ன செய்வீர்கள்? ஒவ்வொரு வரிசையும் தனியாக நின்று பேசும்படி செய்தாக வேண்டும். பின்னணியில் ஒளிந்துகொள்ள இடமில்லை. கீழ் ஸ்தாயியில் வரும் பாஸ் வரி ஒரு மெட்டு, மேலே வரும் சிந்த் வரி இன்னொரு மெட்டு, பாடுவது மூன்றாவது மெட்டு. ஹியூமன் லீக்கின் 'டோன்ட் யூ வான்ட் மீ' பாட்டின் தொடக்கத்தில் வரும் சிந்த் வரியை யாராலும் வாயால் பாடிவிட முடியும். ஓஎம்டி குழுவின் 'எனோலா கே'யில் மனதில் ஒட்டிக்கொள்ளும் மெட்டே பாடகர் பாடுவதில் இல்லை, கருவி வாசிப்பதில் இருக்கிறது. அதைத்தான் மக்கள் முணுமுணுக்கிறார்கள்.

யூரித்மிக்ஸின் 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' எப்படிப் பதிவானது என்று பாருங்கள். லண்டன் சாக் ஃபார்ம் பகுதியில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையின் மேல்மாடியில் ஒரு சின்ன அறை. வங்கிக் கடனில் வாங்கிய கருவிகள். எட்டு டிராக் டேப் மெஷின் ஒன்று. மணி போல ஒரு சத்தம் வேண்டும் என்று பால் பாட்டில்களில் வெவ்வேறு அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, சுருதி சேர்த்துத் தட்டினார்கள். ஜலதரங்கம் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் குறைவாக இருக்கலாம். 1983 செப்டம்பரில் அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடம். நாற்பது வருடம் கழித்துக் கேட்டாலும் அதில் ஒரு சத்தம்கூட மிகை இல்லை.

இன்று இருநூறு டிராக் வைத்துக்கொள்ளலாம். நிரப்புவது சுலபம். எதை விடுவது என்று முடிவு செய்வதுதான் கடினம். அன்று அந்த முடிவைக் கருவியே பாதி எடுத்துக் கொடுத்தது.

மெஷின் வாசிக்கும் இசையில் உணர்ச்சி எங்கே?

பாடும் குரலில். எசெக்ஸின் பாசில்டன் ஊரில் டெபெஷ் மோட் குழுவின் முதல் பாட்டுகளை எழுதியவர் வின்ஸ் கிளார்க். 1981ல் அவர் விலகி, அதே ஊரைச் சேர்ந்த அலிசன் மோயெட்டோடு யாசூ என்ற இருவர் குழுவைத் தொடங்கினார். மோயெட்டின் குரல் ப்ளூஸ் பாடிப் பழகிய கனத்த குரல். கிளார்க்கின் சிந்த் ஒலியோ சில்லென்று, ஒரே அளவாக, கடிகாரம் போல ஓடும். 1982ல் வந்த 'ஓன்லி யூ'வில் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, குரலில் இருக்கும் சின்ன நடுக்கம்கூடப் பெரிதாகக் கேட்கிறது. பின்னால் முப்பது வயலின் இருந்தால் அந்த நடுக்கம் மூழ்கிப்போயிருக்கும்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அதே பாட்டை ஃப்ளையிங் பிக்கெட்ஸ் என்ற குழு எந்தக் கருவியும் இல்லாமல் வாயாலேயே பாடி, 1983 கிறிஸ்துமஸ் சமயத்தில் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. சிந்தசைசரை எடுத்துவிட்டாலும் பாட்டு அப்படியே நின்றது.

இவர்கள் இசை படிக்காதவர்கள்தானே?

பலர் ஆமாம். ஹியூமன் லீக்கின் ஃபிலிப் ஓக்கி மருத்துவமனையில் போர்ட்டர் வேலை பார்த்தவர். 1980ல் குழு உடைந்தது. சிந்தசைசர் தெரிந்த இருவரும் வெளியேறி ஹெவன் 17 தொடங்கிவிட்டார்கள். ஐரோப்பியச் சுற்றுப்பயணமோ நெருங்கிவிட்டது. ஓக்கி ஷெஃபீல்டில் க்ரேஸி டெய்ஸி என்ற நைட் கிளப்புக்குப் போய், அங்கே ஆடிக்கொண்டிருந்த சூசன் ஆன் சல்லி, ஜோன் காத்தரால் என்ற இரண்டு பள்ளி மாணவிகளைப் பார்த்து, குழுவில் சேருகிறீர்களா என்று கேட்டார். இருவருக்கும் மேடை அனுபவம் கிடையாது. அடுத்த வருடமே 'டோன்ட் யூ வான்ட் மீ'.

அந்தப் பாட்டில் சல்லியின் குரல் பயிற்சி பெற்ற குரல் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் கோபத்தில் பேசுவது போல இருக்கும். அதுதான் அந்த இடத்துக்குத் தேவையாக இருந்தது. தேர்ந்த பாடகி பாடியிருந்தால் அது ஒரு பாட்டாக மட்டும் இருந்திருக்கும்.

எல்லோரையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. யூரித்மிக்ஸின் பாடகி ஆனி லெனக்ஸ் லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் புல்லாங்குழல் படித்தவர். 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' பாட்டில் அவர் தன் குரலையே மேல் மேலாக அடுக்கியிருக்கும் விதத்தில் அந்தப் படிப்பு தெரியும்.

ஆடவைக்கும் பாட்டுகளுக்கு ஏன் இவ்வளவு சோகமான வரிகள்?

கவனித்துக் கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் கேட்டுவிடும் கேள்வி. 'டோன்ட் யூ வான்ட் மீ' காதல் பாட்டு என்று நினைத்துக் கல்யாண வரவேற்புகளில் போடுகிறார்கள். கதையைக் கேளுங்கள். உன்னை ஹோட்டல் வேலையில் இருந்து தூக்கிவிட்டவன் நான், நினைத்தால் கீழேயும் இறக்குவேன் என்று ஆண் சொல்கிறான். அடுத்து அந்தப் பெண் வந்து, அங்கே வேலை செய்தது உண்மைதான், ஆனால் உன்னால்தான் மேலே வந்தேன் என்பது பொய் என்கிறாள். மிரட்டலும் அதற்குப் பதிலும். ஓக்கிக்கே இந்தப் பாட்டின் மேல் நம்பிக்கை இல்லை. ஆல்பத்தின் கடைசியில் தள்ளி வைத்தார், தனித் தட்டாக வெளியிட வேண்டாம் என்றார். கம்பெனி கேட்கவில்லை. 1981 கிறிஸ்துமஸுக்கு இங்கிலாந்திலும், 1982 ஜூலையில் அமெரிக்காவிலும் முதலிடம்.

'எனோலா கே'வைக் கேட்டால் கால் தானாகத் தாளம் போடும். எனோலா கே என்பது 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட விமானத்தின் பெயர். விமானி தன் அம்மாவின் பெயரை அதற்கு வைத்திருந்தார். லிவர்பூல் பக்கத்தில் இருந்து வந்த ஓஎம்டி குழு 1980ல் இதைப் பாடியபோது, காலை எட்டேகாலுக்கு நின்றுபோன நேரத்தைப் பாட்டுக்குள் வைத்தது. பலர் அது தெரியாமலேயே ஆடினார்கள்.

ஜெர்மனியின் நேனா குழு பாடிய '99 லுஃப்ட்பலூன்ஸ்' இன்னொன்று. 1982ல் மேற்கு பெர்லினில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரியில் பலூன்களைப் பறக்கவிட்டார்கள். அவை கூட்டமாக நகர்வதைப் பார்த்த கிடார் கலைஞர் கார்லோ கார்கெஸுக்கு ஒரு எண்ணம்: இவை சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் என்ன ஆகும்? பாட்டில் அந்தப் பலூன்களை எதிரி என்று நினைத்துப் போர் மூண்டு, கடைசியில் எல்லாம் இடிந்து கிடக்கிறது. 1984ல் ஜெர்மன் மொழியிலேயே அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை போனது. மொழி புரியாத நாட்டில் அந்தப் பயம் மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கிறது.

டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் குழுவின் 'மேட் வேர்ல்ட்' 1982ல் வேகமான தாளத்தோடு வந்தது. பாத் நகரில் ஒரு பீட்சா கடைக்கு மேல் குடியிருந்த ரோலண்ட் ஓர்சபல், ஜன்னல் வழியாகத் தெருவில் வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்து எழுதியது. இருபது வருடம் கழித்து மைக்கேல் ஆண்ட்ரூஸும் கேரி ஜூல்ஸும் தாளத்தை முழுக்க எடுத்துவிட்டு, பியானோவோடு மெதுவாகப் பாடினார்கள். அது 2003 கிறிஸ்துமஸில் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், முதல் பதிவில் தாளம் என்ன வேலை செய்தது என்பது விளங்கும். அது துக்கத்தைத் தூக்கி நடக்கவைத்தது. ஒரு பாட்டை இருபது வயதில் ஆடுவதற்கும் ஐம்பது வயதில் தனியாக உட்கார்ந்து கேட்பதற்கும் இரண்டு வழி திறந்திருக்கிறது. என் அனுபவத்தில் இந்தப் பாட்டுகள் கூடவே வருவதற்கு முதல் காரணம் இதுதான்.

வீடியோவினால்தான் ஓடின என்கிறார்களே?

ஓரளவு சரி. 1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியது. முதலில் போட்டது பகிள்ஸ் குழுவின் 'வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்'. இரவு பகலாக ஓடும் சேனலுக்குப் போதுமான வீடியோக்கள் அமெரிக்கக் குழுக்களிடம் இல்லை. இங்கிலாந்துக் குழுக்களிடம் இருந்தன. அவற்றையே திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

பர்மிங்ஹாமின் டுரான் டுரான் இதை நன்றாகப் பிடித்துக்கொண்டது. 1982ல் இயக்குநர் ரசல் மல்காஹியோடு இலங்கைக்குப் போய், 'ஹங்க்ரி லைக் த வுல்ஃப்', 'சேவ் எ ப்ரேயர்' இரண்டையும் எடுத்தார்கள். 'சேவ் எ ப்ரேயர்' வீடியோவில் சிகிரியா குன்றின் உச்சியும் பொலன்னறுவையின் புத்தர் சிலைகளும் வரும். அமெரிக்காவில் முதலில் எடுபடாத 'ஹங்க்ரி லைக் த வுல்ஃப்', எம்டிவி விடாமல் போட்டதால் மூன்றாம் இடம் வரை ஏறியது. அந்தக் காட்சிகளை இன்று பார்க்கும்போது எனக்கு வேறு எண்ணமும் வரும். அடுத்த வருட ஜூலையில் அந்தத் தீவில் தமிழர்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் அந்த அமைதியான கடற்கரையைச் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியாது.

நார்வேயின் ஆ-ஹா குழுவின் 'டேக் ஆன் மீ' வீடியோவுக்கு இன்னும் பெரிய பங்கு. 1984ல் முதல் பதிவு வந்து இங்கிலாந்தில் கவனிக்கப்படாமல் போயிற்று. ஆலன் டார்னியோடு மறுபடி பதிவு செய்தார்கள். ஸ்டீவ் பாரன் இயக்கிய வீடியோவில் நிஜ மனிதர்களின் அசைவு மேல் பென்சிலால் வரைந்தார்கள். சுமார் 3,000 ஓவியங்கள், பதினாறு வார வேலை. 1985 அக்டோபரில் அமெரிக்காவில் முதலிடம். 2020ல் யூடியூபில் நூறு கோடி பார்வைகளைத் தாண்டியது.

ஆனால் வீடியோ கூப்பிட்டு உட்காரவைக்கும், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு 'டேக் ஆன் மீ' பல்லவியைக் கேளுங்கள். மார்ட்டன் ஹார்கெட் கீழ் ஸ்தாயியில் தொடங்கி, படிப்படியாக ஏறி, இரண்டு ஸ்தாயிக்கும் மேல் தாண்டிப் போய் நிற்கிறார். ஒவ்வொரு முறையும் எட்டுவாரா என்று மனம் பதறும். எத்தனை முறை கேட்டிருந்தாலும் பதறும்.

'ப்ளூ மண்டே' பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

மான்செஸ்டரின் ஜாய் டிவிஷன் குழுவின் பாடகர் இயன் கர்டிஸ் 1980 மே 18 அன்று தற்கொலை செய்துகொண்டார். வயது 23. மிச்சம் இருந்தவர்கள் நியூ ஆர்டர் என்று பெயர் மாற்றி, மெல்ல மெல்ல டிரம் மெஷின் பக்கம் நகர்ந்து, 1983 மார்ச்சில் 'ப்ளூ மண்டே'யை வெளியிட்டார்கள். ஏழரை நிமிடம். வானொலிக்குப் பொருந்தாத நீளம். பல்லவி என்று தனியாக ஒன்றும் இல்லை. பாட்டு தொடங்கிக் குரல் வரவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

ஸ்வரங்களை வரிசையாகத் தானே வாசிக்கவைக்கும் சீக்வென்சர் என்ற கருவியை, இப்போது பாடகரான பெர்னார்ட் சம்னர் உதிரி பாகங்கள் வாங்கி வீட்டில் சேர்த்துச் செய்தார். அந்த டிரம் அடியை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அதன் மேல் பீட்டர் ஹுக் பாஸ் கிடாரை மேல் ஸ்தாயியில் மெட்டாக வாசிப்பார். பீட்டர் சாவில் வடிவமைத்த உறை கணினி ஃப்ளாப்பி டிஸ்க் போல வெட்டுத் துளைகளோடு இருந்தது. குழுவின் பெயரும் பாட்டின் பெயரும் எழுத்தில் இல்லை, ஓரத்தில் வண்ணக் கட்டங்களின் சங்கேதமாக இருந்தன. 12 அங்குல சிங்கிள்களில் (தனிப்பாட்டுத் தட்டுகளில்) உலகிலேயே அதிகம் விற்றது இதுதான்.

எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. நண்பனைப் பறிகொடுத்த மூன்று வருடத்துக்குள் செய்த பாட்டு அது. அழவும் இல்லை, மறக்கவும் இல்லை. சம்னர் கிட்டத்தட்ட உணர்ச்சியே காட்டாமல் பாடுகிறார். துக்கத்தில் இருக்கும் மனிதர்கள் பல நேரம் அப்படித்தான் பேசுவார்கள்.

நிறைய பேர் ஒரே ஒரு ஹிட்டோடு காணாமல் போனவர்கள்தானே?

அமெரிக்காவில் இருந்து பார்த்தால் அப்படித் தோன்றும். சாஃப்ட் செல் அங்கே 'டெயின்டட் லவ்' ஒன்றால்தான் தெரியும். அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் தொடர்ந்து 43 வாரம் இருந்தது, அப்போதைய சாதனை. இங்கிலாந்திலோ அவர்களுக்கு வேறு பல ஹிட்டுகள் உண்டு. ஆ-ஹாவும் அப்படித்தான். 'டெயின்டட் லவ்' அவர்கள் சொந்தப் பாட்டும் இல்லை. அறுபதுகளில் க்ளோரியா ஜோன்ஸ் பாடிய சோல் பாட்டு, அதாவது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை வகை. வட இங்கிலாந்தின் சோல் கிளப்புகளில் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் 1981ல் சிந்தசைசரில் மறுபடி செய்தார்கள்.

அப்போது பிறந்தே இராதவர்கள் ஏன் கேட்கிறார்கள்?

சினிமாவும் தொடர்களும் பாதிக் காரணம். சிம்பிள் மைண்ட்ஸின் 'டோன்ட் யூ (ஃபர்கெட் அபௌட் மீ)' 1985ல் வந்த 'த ப்ரேக்ஃபாஸ்ட் க்ளப்' படத்துக்காக வேறு ஆட்கள் எழுதிய பாட்டு. குழு முதலில் மறுத்தது. கடைசியில் பாடியது, அமெரிக்காவில் முதலிடம் போனது. 2022ல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் கேட் புஷ் 1985ல் பாடிய 'ரன்னிங் அப் தட் ஹில்' வந்தபோது, 37 வருடம் கழித்து இங்கிலாந்தில் முதலிடத்துக்கு ஏறியது. கேட் புஷ் நியூ வேவ் கூட்டத்தைச் சேர்ந்தவர் இல்லை என்று சொல்வார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே கருவிகள், அதே காலம், அதே தனிமை.

மற்ற பாதி, இன்றைய பாட்டுகளே அந்த ஒலியில் இருப்பது. த வீக்கெண்ட் பாடிய 'ப்ளைண்டிங் லைட்ஸ்' 2019ன் இறுதியில் வந்தது. அதன் சிந்த் வரி 1984ல் வந்திருந்தாலும் யாரும் வித்தியாசமாகப் பார்த்திருக்க மாட்டார்கள். அதைக் கேட்டுவிட்டு ஆ-ஹாவைக் கேட்கும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு, தாத்தா காலத்துப் பாட்டு என்ற தடை எதுவும் இல்லை.

தமிழர்களுக்கும் இந்த இசைக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடியான தொடர்பு குறைவு. 1986ல் 'விக்ரம்' படத் தலைப்புப் பாட்டில் இளையராஜா உண்டாக்கிய எலக்ட்ரானிக் ஒலியைக் கேட்டால், உலகத்தில் எல்லோர் கையிலும் அப்போது ஒரே மாதிரிக் கருவிகள் வந்து சேர்ந்திருந்தன என்பது புரியும். அதற்கு மேல் தாக்கம் என்று நான் இழுக்க மாட்டேன்.

ஒரு தொடர்பு மட்டும் மனதைத் தொடும். பங்க்கில் தொடங்கிய க்ளாஷ் குழு 1982ல் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' என்ற பாட்டைச் செய்தது. எந்த நாடும் சேர்த்துக்கொள்ளாத புலம்பெயர்ந்தவர்களைப் பற்றிய பாட்டு. யாழ்ப்பாணத்தில் சின்ன வயதைக் கழித்து, 1986ல் அகதியாக லண்டன் வந்து சேர்ந்த மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., அந்தப் பாட்டின் இசையை எடுத்துத்தான் 2007ல் 'பேப்பர் ப்ளேன்ஸ்' செய்தார். யாரைப் பற்றி அந்தப் பாட்டு பாடியதோ, அவர்களில் ஒருவரே வந்து அதை எடுத்துக்கொண்டார்.

எங்கே தொடங்கலாம்?

ஹெட்ஃபோனில் தொடங்குங்கள். முதலில் 'ஸ்வீட் ட்ரீம்ஸ்'. பால் பாட்டில் சத்தத்தைத் தேடுங்கள். அடுத்து 'ஓன்லி யூ', மோயெட்டின் குரலுக்காக. மூன்றாவதாக 'எனோலா கே', சத்தமாக. பிறகு 'மேட் வேர்ல்ட்' இரண்டு பதிவுகளும், பழையது முதலில்.

'ப்ளூ மண்டே'க்கு 1988ல் மாற்றிக் கலந்த பதிப்பு ஒன்று உண்டு. பல தொகுப்புகளில் அதைத்தான் போட்டிருப்பார்கள். 1983ல் வந்த ஏழரை நிமிடப் பதிவா என்று பார்த்து எடுங்கள். அதைக் கேட்கும் நேரத்தில் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள், குரல் வரும்வரை பொறுங்கள்.